டெஸராக்ட் தரும் எழுத்தைப் பைத்தானுக்குள் பிடிப்பது எப்படி? சின்ன அத்தியாயம் ஓடுகிறது, பெரியது நின்றுவிடுகிறது

ஸ்கேன்பெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். நாட்டுடைமையான பழைய தமிழ்ப் புத்தகங்கள் சிலவற்றை ஸ்கேன் பிடிஎஃபிலிருந்து எழுத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பிடிஎஃப்டுபிபிஎம் வைத்து 300 டிபிஐயில் பக்கங்களைப் படமாக்கி, ஓர் அத்தியாயத்துக்கு உரிய படங்களின் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிசையாக எழுதி, அந்தப் பட்டியலையே டெஸராக்ட்டிடம் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் நிரல்) கொடுத்துவிடுகிறேன். டெர்மினலில் கையால் அடித்தால் அருமையாக ஓடுகிறது. வெளியீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டிடிஅவுட் (ஸ்டாண்டர்ட் அவுட்புட், நிரலின் வழக்கமான வெளியீட்டு வழி) என்று போட்டால் எழுத்து முழுக்கத் திரையிலேயே கொட்டுகிறது.

இதைப் பைத்தானிலிருந்து ஓட்டி, வரும் எழுத்தை ஒரு மாறியில் வாங்கி, ஒற்றுப்பிழை, வரி உடைவு எல்லாம் சரிசெய்ய வேண்டும். முதலில் ஓஎஸ்.சிஸ்டம் போட்டேன். எழுத்து திரைக்குப் போகிறது, மாறியில் வெறும் 0 இருக்கிறது. ஃபைல் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் 256 வருகிறது, அது என்ன எண் என்றே புரியவில்லை.

அப்புறம் தேடிப் பார்த்து சப்பிராசஸ்.பிஓப்பன் போட்டேன். ஸ்டிடிஅவுட்டுக்கு பைப் (இரண்டு நிரல்களை இணைக்கும் குழாய்), ஸ்டிடிஎரரையும் (அறிவிப்பும் பிழைச் செய்தியும் போகும் ஸ்டாண்டர்ட் எரர்) அதோடு சேர்த்துவிட்டேன், வெயிட் சொல்லி முடிந்த பிறகு ரீட் செய்கிறேன். நாலைந்து பக்க அத்தியாயம் சரியாக வருகிறது. இருபது முப்பது பக்கம் என்றால் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஓடும் நிரல்களைக் காட்டும் டாப்பில் பார்த்தால் டெஸராக்ட் இருக்கிறது, ஆனால் சிபியு 0 சதவீதம். எரர் எதுவும் இல்லை.

வருகிற எழுத்திலும் நடுநடுவே 'எஸ்டிமேட்டிங் ரெசல்யூஷன் ஆஸ் 287' மாதிரி ஆங்கில வரிகள் கலந்து வருகின்றன, ஒவ்வொரு பக்கம் முடிகிற இடத்திலும் எடிட்டரில் ஒரு சின்னச் சதுரம் தெரிகிறது. உபுண்டு 22.04, பைத்தான் 3.10, டெஸராக்ட் 4.1.1. யாராவது வழி சொல்லுங்கள்.

குழாயடி:

ஓஎஸ்.சிஸ்டத்திடம் எழுத்தை எதிர்பார்க்கவே கூடாது. கட்டளையை ஓட்டுவதும், அது எப்படி முடிந்தது என்று சொல்வதும் மட்டும்தான் அதன் வேலை. அந்த 256 வேறொன்றுமில்லை: லினக்ஸில் அது எக்ஸிட் கோடை (நிரல் முடியும்போது சொல்லும் எண், 0 என்றால் வெற்றி) நேராகத் தராது, வெயிட் நிலை எண்ணாகத் தரும், அதில் எக்ஸிட் கோட் 8 பிட் இடது பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும். 256ஐ 256ஆல் வகுத்தால் 1. அதாவது டெஸராக்ட் 1 என்று சொல்லிவிட்டு வெளியேறியிருக்கிறது, ஃபைல் கிடைக்கவில்லை என்று. பைத்தான் 3.9 முதல் இதை மாற்றித் தர ஓஎஸ்ஸிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது, ஓஎஸ்.சிஸ்டத்தையே விட்டுவிடுங்கள்.

சப்பிராசஸ்.ரன் போதும். பைத்தான் 3.5இல் வந்தது, 3.7இல் கேப்ச்சர்_அவுட்புட் என்ற வசதியும் சேர்ந்தது. எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்:

விடை = சப்பிராசஸ்.ரன்(["டெஸராக்ட்", பட்டியல், "ஸ்டிடிஅவுட்", "-எல்", "டாம்", "--டிபிஐ", "300"], கேப்ச்சர்_அவுட்புட்=ட்ரூ, என்கோடிங்="யுடிஎஃப்-8", செக்=ட்ரூ)

இதில் விடை.ஸ்டிடிஅவுட் உங்கள் தமிழ் எழுத்து, விடை.ஸ்டிடிஎரர் அந்த ஆங்கிலப் புலம்பல். இரண்டும் தனித்தனி மாறியில் வரும், கலக்காது. நீங்களாகத்தான் இரண்டையும் ஒரே பைப்பில் சேர்த்துவிட்டிருக்கிறீர்கள். பிபிஎம் படத்துக்குள் டிபிஐ எழுதும் இடமே கிடையாது, அதனால்தான் டெஸராக்ட் ஒவ்வொரு பக்கத்துக்கும் தானே ஊகித்து அதை அறிவிக்கிறது. 300 என்று நீங்களே சொல்லிவிட்டால் அந்த வரி வராது.

கட்டளையை ஒரே சரமாகக் கொடுக்காமல் லிஸ்ட்டாகக் கொடுத்திருப்பதையும் கவனியுங்கள். 'பகுதி 2 (திருத்தியது)' மாதிரி ஃபைல் பெயர் வைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஷெல்லுக்குள் (கட்டளை வரியைப் படித்து ஓட்டும் நிரல்) போனால் அந்த இடைவெளியும் அடைப்புக்குறியும் உயிரை வாங்கும், லிஸ்ட் என்றால் ஷெல்லே நடுவில் வராது. ஷெல்=ட்ரூ போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

செக்=ட்ரூ பற்றி ஒரு வார்த்தை. கட்டளை தோற்றால் எக்ஸெப்ஷன் எழும், ஆனால் அதை அப்படியே பிரிண்ட் செய்தால் 'நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1' என்பதோடு நின்றுவிடும், காரணம் தெரியாது. காரணம் அந்த எக்ஸெப்ஷனின் ஸ்டிடிஎரரில் இருக்கிறது, அதைத் தனியாக எடுத்து லாகில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இருநூறு அத்தியாயத்தில் எது ஏன் போனது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மழைக்கால_நிரல்:

பைடெஸராக்ட் இன்ஸ்டால் பண்ணுங்க ப்ரோ, ஒரே வரி.

குழாயடி:

பண்ணலாம், தப்பில்லை. ஆனால் அதுவும் உள்ளே இதே டெஸராக்ட் கட்டளையைத்தான் ஓட்டுகிறது. ஒரு தற்காலிக ஃபைலில் எழுதவைத்து, அதைத் திறந்து படித்து, நம் கையில் தருகிறது. அவர் கேட்ட கேள்வி ஏன் நிற்கிறது என்பது. அது தெரியாமல் போனால் நாளைக்கு வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கிலோ வேறு எதிலோ இதே இடத்தில் மறுபடி மாட்டுவார்.

அடிமட்டம்:

நிற்பதற்கான காரணத்தை யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். டெஸராக்ட்டும் பைத்தானும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான்.

பைப் என்பது கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கும் அளவான ஒரு பஃபர், அதாவது தற்காலிகத் தொட்டி. லினக்ஸ் 2.6.11 முதல் சாதாரணமாக 65,536 பைட். எழுதுபவர் ஒரு பக்கம் ஊற்ற, படிப்பவர் மறுபக்கம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் எடுக்காமல் நிரம்பிவிட்டால், கெர்னல் எழுதுபவரைத் தூங்கவைத்துவிடும். நீங்கள் வெயிட் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அதாவது டெஸராக்ட் முடியட்டும், அப்புறம் படிக்கிறேன் என்கிறீர்கள். டெஸராக்ட் நீங்கள் கொஞ்சம் எடுத்தால்தான் மிச்சத்தை எழுத முடியும் என்று நிற்கிறது. இருவருமே தப்பு எதுவும் செய்யவில்லை என்பதால் எரரும் வராது, சிபியுவும் ஓடாது.

ஏன் சின்ன அத்தியாயம் மட்டும் தப்புகிறது என்பதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'க்' என்று நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறி, ஆக 6 பைட். ஒரு பக்கத்தில் இடைவெளி உட்பட 2000 குறி என்று வைத்தால், இடைவெளிக்கும் வரிமுறிவுக்கும் ஒரு பைட்தான் என்பதைக் கழித்தும் ஐந்தரை ஆயிரம் பைட் வந்துவிடும். 65,536ஐ அதால் வகுத்தால் பன்னிரண்டு பக்கம்கூட முழுதாக வராது. அதே அளவு ஆங்கிலப் புத்தகம் என்றால் முப்பது பக்கத்துக்கு மேல் தாங்கியிருக்கும், ஏனென்றால் அங்கே ஒரு எழுத்துக்கு ஒரு பைட். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களை ஆங்கிலக் கோப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு 'எனக்கு ஓடுகிறதே' என்று சொல்பவர்கள் இப்படித்தான் தப்பிக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் அடுத்த முறை நிற்கும்போது வேறொரு டெர்மினலில் எஸ்ட்ரேஸ் -பி (ஒரு நிரல் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் கருவி) போட்டு டெஸராக்ட்டின் ப்ராசஸ் எண்ணைக் கொடுங்கள். சரியாக 'ரைட்(1,' என்ற இடத்தில் நின்றுகொண்டிருக்கும், அடைப்புக்குறி மூடியிருக்காது. 1 என்பது ஸ்டாண்டர்ட் அவுட்புட். பைத்தான் பக்கம் பார்த்தால் அது வெயிட்டில் இருக்கும்.

பைப்பின் அளவைக் கூட்டலாமே என்று சிலருக்குத் தோன்றும். கூட்ட முடியும், சாதாரண யூசருக்கு உச்சவரம்பு வழக்கமாக 1 எம்பி. அது நோயைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான், ஒரு முழுப் புத்தகம் கொடுத்த அன்று மறுபடி நிற்கும். சரியான வழி, வெயிட்டுக்குப் பதிலாக கம்யூனிகேட் சொல்வது. அது இரண்டு பைப்பையும் ஒரே நேரத்தில் கவனித்து, எதில் வந்தாலும் எடுத்துக்கொண்டே இருக்கும். குழாயடி சொன்ன ரன் உள்ளே அதைத்தான் அழைக்கிறது, அதனால் அதில் இந்தப் பிரச்சினை வராது.

இரண்டு தனித்தனி பைப் வைத்து, முதலில் ஸ்டிடிஅவுட்டை முழுக்க ரீட், அப்புறம் ஸ்டிடிஎரரை ரீட் என்று கையால் எழுதுபவர்களும் உண்டு. அதிலும் இதே ஆபத்துதான், இந்த முறை எரர் பக்கம் நிரம்பி நிற்கும். டெஸராக்ட்டில் எரர் வரி குறைவு, அதனால் தெரியாது. எஃப்எஃப்எம்பெக் தன் புலம்பல் எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் எரரில்தான் கொட்டும், அதில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஜன்னலோரம்:

இதே வேலையை விண்டோஸில் செய்பவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மேலே குழாயடி என்கோடிங்="யுடிஎஃப்-8" என்று போட்டதை யாரும் தேவையில்லை என்று நினைத்து நீக்கிவிடக் கூடாது. நீக்கிவிட்டு டெக்ஸ்ட்=ட்ரூ மட்டும் போட்டால் பைத்தான், இயங்குதளத்தின் வழக்கமான என்கோடிங்கை (பைட்டுகளை எழுத்தாகப் படிக்கும் முறை) எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் அது எப்படியும் யுடிஎஃப்-8, பிரச்சினை தெரியாது. ஆங்கில விண்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பட்டியல்.

அந்த 1252 பட்டியலில் ஐந்து இடங்கள் காலி: பதினறும எண்ணில் 81, 8டி, 8எஃப், 90, 9டி. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் எது தெரியுமா? 8டி. உகரக் குறியின் மூன்றாவது பைட் 81. 'ஏ' என்ற உயிரெழுத்துக்கு 8எஃப், 'ஐ' என்ற உயிரெழுத்துக்கு 90. அதாவது மெய்யெழுத்தோ 'கு', 'து' மாதிரி ஒன்றோ வந்த உடனே டீகோட் எரர். புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு தமிழ் வாக்கியம் எழுதிப் பாருங்கள், முடியாது. இரண்டும் இல்லாத 'கடல' மாதிரி அரைகுறைச் சொல்லாக இருந்தால் மட்டும் எரர் வராது, மாறாக மேலே கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், கரும்புள்ளி என்று குப்பையாக வரும்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. விண்டோஸில் கம்யூனிகேட், பைப்பைப் படிக்கத் தனி த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளை) வைத்துக்கொள்கிறது. டீகோட் எரர் அந்த த்ரெட்டில் விழும். திரையில் ஏதோ நீளமாகச் சிவப்பாக ஓடும், ஆனால் உங்கள் நிரல் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும், விடை.ஸ்டிடிஅவுட்டில் மட்டும் 'நன்' (பைத்தானில் ஒன்றுமில்லை என்ற மதிப்பு) இருக்கும். அடுத்த வரியில் அதை ஸ்ப்ளிட் செய்யப் போய் அங்கே ஒரு எரர் வரும், எல்லோரும் அந்த இரண்டாவது எரரைத்தான் மன்றங்களில் வந்து கேட்பார்கள்.

பாஷ்ராத்திரி:

பைத்தானே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை (மனசுக்குள் சொல்லிவிட்டேன்). பாஷ் ஷெல்லில் $( ) போட்டால் இந்த பைப் நிரம்பும் கதையே இல்லை, ஷெல் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அங்கேயும் ஒன்று கவனிக்க வேண்டும்: ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவித்துக்கொண்டே அதே வரியில் $( ) போட்டால், அடுத்து $? பார்க்கும்போது டெஸராக்ட்டின் எக்ஸிட் கோட் வராது, லோக்கல் என்ற கட்டளையின் வெற்றிதான் வரும், எப்போதும் 0. அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பிடுவதை அடுத்த வரியிலும் எழுதுங்கள்.

எரரையும் சேர்த்து ஃபைலுக்கு அனுப்பும்போது > முதலில், 2>&1 அப்புறம். மாற்றிப் போட்டால் எரர் திரைக்கே போகும். ஏனென்றால் இடமிருந்து வலமாகப் படிக்கும்போது, 2ஐ (ஸ்டாண்டர்ட் எரர்) 1 இருக்கும் இடத்துக்கு அனுப்பு என்கிற நேரத்தில் 1 இன்னும் திரையில்தான் இருக்கிறது.

சதுரம் பற்றி யாரும் சொல்லவில்லை. அது ஃபார்ம் ஃபீட், ஆஸ்கியில் 12ஆம் எண். பழைய பிரின்டரை அடுத்த தாளுக்குப் போகச் சொல்லும் குறி. டெஸராக்ட் 4 முதல் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் அதைப் போடுகிறது. $( ) கடைசியில் இருக்கும் வரிமுறிவுகளை மட்டும்தான் வெட்டும், இதைத் தொடாது. பேஜ்_செபரேட்டர் என்ற அமைப்பைக் காலியாக்கினால் வராது, ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை எடுக்க மாட்டேன்.

ஸ்கேன்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. ரன் போட்டதும் முப்பது பக்க அத்தியாயம் முழுசாக வந்தது, டிபிஐ வரியும் போய்விட்டது. பாஷ்ராத்திரி சார், சதுரத்தை ஏன் எடுக்கக் கூடாது என்கிறீர்கள்?

இன்னொரு சந்தேகம். ரன் எல்லாம் முடிந்த பிறகுதான் மொத்தமாகத் தருகிறது. பெரிய புத்தகத்துக்கு எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. பிஓப்பன் போட்டு 4096 பைட்டாக எடுத்து உடனே டீகோட் செய்து பார்த்தேன், சில இடத்தில் யூனிகோட் டீகோட் எரர் வருகிறது, என்கோடிங் யுடிஎஃப்-8தான் கொடுத்திருக்கிறேன்.

பாஷ்ராத்திரி:

பைத்தானில் அந்த 12ஆம் எழுத்தை வைத்து ஸ்ப்ளிட் செய்யுங்கள், பக்கம் பக்கமாகத் தனி லிஸ்ட் கிடைக்கும். கடைசியில் காலியாக ஒன்று வரும், அதை மட்டும் தள்ளிவிடுங்கள். எந்தப் பிழை எந்த ஸ்கேன் பக்கத்தில் என்று பிறகு மூலத்தோடு ஒப்பிட இதைவிட வசதி கிடையாது. இதைத் தூக்கிவிட்டு அப்புறம் பக்க எண்ணை வைத்துப் பிரிக்கப் போனால், பழைய அச்சில் பக்க எண்ணைத்தான் ஓசிஆர் முதலில் தப்பாகப் படிக்கும்.

அடிமட்டம்:

4096 மூன்றால் வகுபடாது. தமிழ் எழுத்தின் நடுவில் வெட்டு விழுகிறது, இரண்டு பைட் இந்தத் துண்டிலும் ஒன்று அடுத்ததிலும் போய்விடுகிறது, டீகோட் திணறுகிறது. 4095ஆக எடுக்கலாம் என்று கிளம்பாதீர்கள், நடுவில் ஒரு பைட் இடைவெளிகள் இருப்பதால் அதுவும் உதவாது. ஒன்று, பைட்டுகளாகச் சேர்த்துவைத்துக் கடைசியில் ஒரேயடியாக டீகோட். இல்லையென்றால் பிஓப்பனிடமே என்கோடிங்கைக் கொடுத்து வரிவரியாக எடுங்கள், துண்டு ஒட்டும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் வரிவரியாக எடுத்தாலும் உங்களுக்கு முன்னேற்றம் நேரத்துக்குத் தெரியாது. டெர்மினலுக்கு எழுதும்போது நிரல்கள் வரி முடிந்ததும் அனுப்பும், பைப்புக்கு எழுதுவதாகத் தெரிந்தால் சில ஆயிரம் பைட் சேர்ந்த பிறகே ஒரு கொத்தாகத் தள்ளும். சி நூலகத்தின் வழக்கம் அது. எஸ்டிடிபஃப் -ஓஎல் என்று முன்னால் போட்டால் பெரும்பாலான சி நிரல்கள் வரிக்கு வரி தரும்.

குழாயடி:

அவருக்கு அது தேவைப்படாது. படப் பட்டியலைக் கொடுத்தால் டெஸராக்ட் ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போது 'பேஜ்' என்று எண்ணும் ஃபைல் பெயரும் போட்டு ஒரு வரி சொல்லும். அது போவது ஸ்டாண்டர்ட் எரருக்கு, அங்கே தேக்கிவைப்பதே கிடையாது, உடனுக்குடன் வரும்.

ஆக, எழுத்தைப் பிடிக்கவே வேண்டாம். ஒரு ஃபைலைப் பைனரியாக எழுதத் திறந்து, பிஓப்பனில் ஸ்டிடிஅவுட்டாக அந்த ஃபைலையே கொடுங்கள். ஸ்டிடிஎரருக்கு மட்டும் பைப். ஃபார் லூப்பில் ஸ்டிடிஎரரை வரிவரியாகப் படித்து, பேஜ் என்று தொடங்கும் வரியைத் திரையில் காட்டுங்கள், மற்றதை லாகில் எழுதுங்கள். லூப் முடிந்ததும் வெயிட், எக்ஸிட் கோட் 0 என்றால் ஃபைலை யுடிஎஃப்-8 ஆகத் திறந்து படியுங்கள். இருப்பது ஒரே பைப், அதையும் நீங்கள் தொடர்ந்து காலிசெய்துகொண்டே இருக்கிறீர்கள், நிற்க வழியே இல்லை. தமிழ் பைட்டுகள் பைத்தான் கை படாமல் டெஸராக்ட்டிலிருந்து நேரே டிஸ்க்குக்குப் போகும். பாதியில் மின்சாரம் போனாலும் அதுவரை எழுதிய பக்கங்களில் பெரும்பகுதி ஃபைலில் இருக்கும்.

ஸ்கேன்பெட்டி:

இதுதான் வேண்டும், பக்க எண் அழகாக ஓடுகிறது. நாலு அத்தியாயத்தை ஒரே நேரத்தில் ஓட்டினால் சீக்கிரம் முடியும் என்று நாலு ப்ராசஸ் கிளப்பினேன், தனித்தனியாக ஓட்டுவதைவிட மெதுவாக இருக்கிறதே?

அடிமட்டம்:

டெஸராக்ட் 4 ஒரு பக்கத்துக்கே நாலு த்ரெட் வரை எடுத்துக்கொள்ளும். நாலு ப்ராசஸ் என்றால் பதினாறு, உங்கள் சிபியுவில் அத்தனை கோர் இல்லையென்றால் ஒன்றை ஒன்று மிதித்துக்கொள்ளும். ஓஎம்பி_த்ரெட்_லிமிட் என்ற என்விரான்மென்ட் மாறியை 1 என்று வையுங்கள். பிஓப்பனின் என்வ் வழியாகக் கொடுக்கும்போது ஓஎஸ்.என்விரானை நகலெடுத்து அதில் இதைச் சேர்த்துக் கொடுங்கள், இது ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்ற எல்லா மாறிகளும் காணாமல் போய்விடும். டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ் வைத்துத் தமிழ் மாடலை வேறு ஃபோல்டரில் போட்டிருந்தால், அடுத்த கேள்வியாக 'தமிழ் மொழி கிடைக்கவில்லை என்கிறது' என்று வந்து நிற்பீர்கள்.

ஸ்கேன்பெட்டி:

வேறு ஃபோல்டரில்தான் போட்டிருக்கிறேன். நகலெடுத்தே கொடுக்கிறேன்.